கொறிக்கிற பிராணிக்கு எந்தப் பலகை

ராயபுரம்,
12-11-1952

அன்புள்ள தம்பி வெள்ளத்துரைக்கு அக்கா தேவகிருபை எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். நீ சுகமா என்று இப்போதுதான் கேட்கிறேன். போன வியாழக்கிழமை நீ நம் வீட்டில் நின்ற நேரத்தில் அதைக் கேட்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து வருகிறாய். கப்பல் இரண்டு நாள் துறைமுகத்தில் நிற்கிறது. வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தி, கோணி போட்டு மூடிய ஒரு கூண்டை இறக்கி, "ஒரு தோஸ்துடையது அக்கா, கொஞ்ச நாள் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் அதே ரிக்‌ஷாவில் போய்விட்டாய். அத்தான் கயிற்றுக் கடையை அடைத்துவிட்டு வந்து, "எங்க உன் தம்பி?" என்றார். நான் கூண்டைக் காட்டினேன்.

இது என்ன பிராணி என்றாவது சொல்லியிருக்கலாம். காது எலிக்கு, வால் அணிலுக்கு, உடம்பு முயலுக்கு. சாம்பல் நிறத்தில் பஞ்சு மூட்டை போல உட்கார்ந்து முறைக்கிறது. எதிர்வீட்டு முத்தம்மா தினம் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டுகிறாள். கூண்டுக்குள் ஏறி உட்காருவதற்கு இரண்டு தட்டு மாட்டியிருந்தாயே, பச்சைப் பெயிண்டு அடித்த பலகை, அதில் மேல் தட்டு இப்போது இல்லை. தின்றுவிட்டது. கீழ்த் தட்டில் பாதி போயிற்று. வாயோரம் பச்சைத் தூள். நேற்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இது உன் தோஸ்துடையது என்றால், செத்துப் போனால் அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா? யார் அவன், எங்கே இருக்கிறான் என்று எழுது. ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிடுகிறேன்.

நீ இளைத்துப் போயிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில்.

இப்படிக்கு,
அக்கா தேவகிருபை


ரங்கூன்,
27-11-1952

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வெள்ளத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் கடிதம் கப்பல் ஏஜெண்டு மூலமாக நேற்றுக் கிடைத்தது. மிச்சமிருக்கிற பச்சைப் பலகையை இந்த நிமிஷமே கழற்றி அடுப்பில் போடாமல் குப்பையில் போடு. அது கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு, ஈயம் கலந்தது. வழியில் பழைய தட்டு தேய்ந்துவிட்டதால் நான்தான் அவசரத்தில் அதை மாட்டினேன். என் தப்பு.

அதன் பெயர் சின்சில்லா. தென் அமெரிக்காவில் சிலி தேசத்து மலைகளில் இருக்கும். காய்ந்த புல்தான் ஆகாரம். குதிரை லாயத்தில் கிடைக்கும், நனைந்திருக்கக் கூடாது. குளிப்பாட்டிவிடாதே, அந்த ரோமம் நனைந்தால் காயாது. சட்டியில் மாவு போலச் சலித்த மண் வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். நமக்கு நகம் வளருகிற மாதிரி அதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் கொறிக்கிறது. அதை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது. வயிற்றுக்குள் போனாலும் கெடுக்காத பலகையாகப் பார்த்துப் போட வேண்டும்.

தேயிலைப் பெட்டிப் பலகை ஆகாது, ஒட்டுப் பசை விஷம். ரயில் தண்டவாளத்துச் சிலீப்பர் கட்டையும் ஆகாது, தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெயில் படாத இடத்தில், கல் தரையில் கூண்டை வை. கப்பலில் ஐஸ் அறை வாசலில் வைத்திருந்தோம்.

கொஞ்ச நாள்தான் அக்கா.

உன் அன்புத் தம்பி,
வெள்ளத்துரை


ராயபுரம்,
14-12-1952

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். அத்தானுக்குச் சளி. உன் பிராணியின் ரோமத்தால் வந்தது என்கிறார். ஒவ்வொரு கார்த்திகையிலும் அவருக்குச் சளி வரும், அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

உன் கடிதம் வர மூன்று வாரம். அதுவரை நான் சும்மா இருக்க முடியுமா? பச்சைப் பலகையை மறுநாளே பிடுங்கிவிட்டேன், அதன் பிறகு மெல்ல ஆகாரம் எடுத்தது. காசிமேட்டில் படகு வேலை செய்கிற திருமலையைக் கூப்பிட்டேன். கூண்டைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "இன்னாம்மா, எலிக்கு மேஜை நாற்காலி கேக்குறியா?" என்றான். நீ எதைப் போடக்கூடாது என்று எழுதினாயோ, அதையே தேடிப் பிடித்தது போலத் தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டு வந்தான். "லேசா கீது, சோக்கா உக்காரும்" என்றான். மூன்றாம் நாள் அது தோல் தோலாக உரிந்து நின்றது. அடுத்தது தகரம். ஓரத்தை மடக்கித்தான் அடித்தான், இருந்தும் முன்னங்காலில் கீறிவிட்டது. மஞ்சள் வைத்தேன். அடுத்தது கம்பி வலை. "இத்த எந்தப் பல்லும் ஒண்ணும் பண்ணாது" என்று மார்தட்டிவிட்டுப் போனான். பல் ஒன்றும் செய்யவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வரும்போது பின்னங்கால் வலைக் கண்ணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது போட்ட சத்தத்தில் தெருவே நம் வாசலில் நிற்கிறது. அத்தான்தான் கடையிலிருந்து கம்பி வெட்டியை எடுத்துவந்து விடுவித்தார். விடுவித்தவர் விரலைக் கடித்தது.

இப்போது ஒரு தட்டும் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கவும் பாவமாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

எது எது கூடாது என்று எழுதினாய். எது கூடும் என்று ஒரு வரி எழுதினாயா? கோவேறு கழுதைக்குக் கூட இத்தனை சட்டம் இருக்காது. அந்தத் தோஸ்து யார் என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? அதையாவது சொல்.

அக்கா தேவகிருபை


கொழும்பு,
29-12-1952

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் இருவருக்கும் பண்டிகை நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. சுகமாக இருக்கிறேன்.

கால் மாட்டியது என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. விரல்கள் வீங்கியிருக்கிறதா, காலை ஊன்றி நடக்கிறதா என்று பார். வலையும் தகரமும் இனி வேண்டாம்.

துறைமுகத்தில் சீமையிலிருந்து இயந்திரம் வருகிற பெரிய பெட்டிகளை உடைத்து விற்பார்கள். அது தேவதாரு. வெள்ளையாக, லேசாகப் பிசின் மணம் அடிக்கும், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதுதான் ஏற்றது. மை எழுத்து அச்சடித்த பாகத்தை வெட்டி எறியச் சொல். ஆணி ஒன்றுகூட விடாமல் பிடுங்கச் சொல். கூண்டுக்கு வெளியிலிருந்து திருகு போட்டு மாட்ட வேண்டும், உள்ளே இரும்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. விளிம்பை உருட்டிவிட வேண்டும். அகலம் ஒரு சாண், அது திரும்பி உட்கார வேண்டும் அல்லவா. ஜஹாங்கீர் ஒவ்வொரு பலகையையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான். நீ அவ்வளவு செய்ய வேண்டாம்.

புது வருஷ வாழ்த்து.

தம்பி வெள்ளத்துரை


ராயபுரம்,
20-1-1953

தம்பி வெள்ளத்துரைக்கு அக்கா. நாங்கள் சுகம். புது வருஷத்தில் உனக்கு நல்ல புத்தியும் சுகமும் கிடைக்க ஜெபிக்கிறேன்.

கால் சரியாகிவிட்டது. தேவதாருப் பலகை போட்டாயிற்று. திருமலை துறைமுகத்து வாசலில் பெட்டிப் பலகை பார்த்து எடுத்துவந்து, இழைத்து, மூன்று தட்டு மாட்டினான். கொறிக்கிறது, ஆனால் மெதுவாக. மாதம் ஒரு பலகை போகும் போலிருக்கிறது. கொறித்த விளிம்பை அவன் தடவிப் பார்த்துவிட்டு, "பத்து வருசமா படகு எழைச்சுகினு கீறேன், இந்த வழவழப்பு எனக்கே வராதும்மா" என்றான். முதல் முறையாக அந்தப் பிராணியிடம் அவனுக்கு மரியாதை வந்தது.

அதோடு நிம்மதி என்று நினைத்தேன். பலகை மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு செட் செய்து ஒன்றைத் தேய்த்து வெயிலில் போட்டு ஒன்றை மாட்டுகிறேன். போன வாரம் மாற்றும்போது கையிலிருந்து நழுவி ஓடி, கட்டிலுக்கு அடியில் இரண்டு மணி நேரம். வெளியே வருவதற்குள் அத்தானின் மழைக்குடைப் பிடியைத் தின்று தீர்த்தது. அவர் அந்த மொட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "உன் தம்பிக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்டார்.

சரி. ஜஹாங்கீர் என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற, தண்டையார்பேட்டை ஜஹாங்கீர்தானே? உன்னோடு இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் வீடு இங்கிருந்து நடந்தால் அரை மணி நேரம். அவர் பிராணி அவர் வீட்டில் இருக்காமல் என் வீட்டில் ஏன் இருக்கிறது? அவருக்கும் உனக்கும் ஏதாவது சண்டையா? பதில் எழுதாவிட்டால் நானே போய்க் கேட்டுவிடுவேன்.

அக்கா


கல்கத்தா,
1-2-1953

அக்காவுக்கு. சுகம். அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். வந்து சொல்கிறேன். மேல் தட்டைத் தரையிலிருந்து இரண்டு முழத்துக்கு மேல் வைக்காதே, விழுந்தால் எலும்பு தாங்காது. அத்தானுக்குப் புதுக் குடை வாங்கி வருகிறேன்.

வெள்ளத்துரை


ராயபுரம்,
9-2-1953

வெள்ளத்துரைக்கு.

நாங்கள் சுகம். உன் கார்டு இன்று காலை வந்தது. நான் சனிக்கிழமையே போய்விட்டேன்.

பள்ளிவாசல் பக்கத்தில் விசாரித்ததும் காட்டினார்கள். தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் ஒரு சின்னப் பெண், ஏழு வயதிருக்கும், பெயர் ஜீனத் என்றாள். "ஜஹாங்கீர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். அந்தக் குழந்தையிடம் அப்படிக் கேட்டேன் வெள்ளத்துரை. அது உள்ளே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி ரஹீமுன்னிசா வந்து, "யாரும்மா நீங்க, ஊருக்கெல்லாம் தெரியுமே" என்றாள்.

அவர் போனது ஆகஸ்டு இருபத்தெட்டு என்று சொன்னாள். கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தைக் காட்டினாள். இன்ஜின் அறையில் விபத்து, இறந்தார், டர்பனில் அடக்கம். இரண்டே வரி. நான் உன் பேரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளத்துரை அண்ணன் அக்காவா? கப்பல் வந்துச்சுன்னு ஹார்பர்ல வேலை செய்யுற உசேன் சொன்னான். அவரு வருவாரு, எதுனா சொல்வாருன்னு ரெண்டு நாளும் வாசலையே பாத்துகினு இருந்தேன். வரல. அவருக்கும் அதுல அடிபட்டுச்சோன்னு பயந்தேன். அவரு நல்லா கீறாரா?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? நீ இளைத்திருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லையே.

பிராணியைப் பற்றி நான் சொன்னதும் அந்தக் குழந்தை எழுந்து நின்றுவிட்டது. ஜூலையில் வந்த கடைசிக் கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார், ஜீனத்துக்குப் பஞ்சு போல ஒரு பிராணி வாங்கியிருக்கிறேன் என்று. அதுவும் போயிற்று என்று நினைத்திருக்கிறார்கள். உடனே கொண்டு வருகிறேன் என்றேன். ரஹீமுன்னிசா கூரையைக் காட்டி, "இதுக்கடியில மனுசனே வெந்து போறோம். உங்க வூட்டுலயே இருக்கட்டும், புள்ள வந்து பாத்துக்கட்டும்" என்றாள்.

நீ அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை என்னிடம் போட்டுவிட்டு ஓடினாய். ஏன் என்று எழுது. பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அக்கா


ராயபுரம்,
26-2-1953

வெள்ளத்துரைக்கு அக்கா. நாங்கள் சுகம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் சொன்னார்கள். பம்பாய்க்குப் போய்விட்டாயாம்.

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். இங்கே மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. மத்தியானத்தில் அது காதெல்லாம் சிவந்து, தட்டில் கையும் காலும் விரித்துப் படுத்து மூச்சு வாங்கியது. ஐஸ் துண்டைச் சாக்கில் சுற்றிக் கூண்டின் மேல் வைத்தேன். ஈரம் சொட்டுகிறது என்று மறுபடி எடுத்தேன். கடைசியில் அத்தான்தான், கல்லறைக்குக் கல் வெட்டுகிற கடையில் உடைந்து கிடந்த கடப்பைக் கல்லை எடுத்துவந்தார். விளிம்பைத் தேய்த்து, கீழ்த் தட்டு இருந்த இடத்தில் திருமலை இரும்புச் சட்டம் கொடுத்து உட்கார வைத்தான். கல்லில் பல் இறங்கவில்லை, மூத்திரம் ஊறவில்லை, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. மேலே இரண்டு தட்டு தேவதாருவே, கொறிப்பதற்கு. இத்தனை மாதம் இத்தனை கடிதம் எழுதியும் உனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜீனத் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். கூண்டுக்கு முன் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் மட்டும், "அத்தாவுக்குச் சுடுதண்ணி பட்டா ஆவாது. ஊதி ஊதித்தான் குளிப்பாரு" என்றாள். யாரோ பாய்லர் வெடித்தது என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எழுதித் தொலை தம்பி.

அக்கா


பம்பாய்,
9-3-1953

அன்புள்ள அக்காவுக்கு. இது போய்ச் சேரும்போது நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் பன்னிரண்டு மணி முதல் நாலு மணி வரை இன்ஜின் அறையில் என் முறை. மேல்தளத்தில் கேரம் போட்டி, நான் கடைசி ஆட்டம் வரை வந்திருந்தேன். ஜஹாங்கீர் காலை முறை முடித்துவிட்டு அந்தப் பிராணிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். "ஒரு மணி நேரம் எனக்காக நில்லு" என்று கேட்டேன். "ஜெயிச்சுட்டு வா" என்று சிரித்துக்கொண்டே எண்ணெய்க் குவளையை வாங்கிக்கொண்டு இறங்கினான். நாற்பது நிமிஷத்தில் நீராவிக் குழாய் வெடித்தது.

ஜெயித்தேன் அக்கா. குழாய் வெடித்த சத்தம் கேட்டபோது எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டர்பனில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஏன் என்னை அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையைப் பற்றித்தான் பேசினான். பெயிண்டு வேண்டாம், வலை வேண்டாம், ஆணி பார், உயரம் பார். "மேல் தட்டு ஆடுதுடா, கட்டிட்டியா?" என்று நாலைந்து தடவை கேட்டான். கட்டிவிட்டேன் என்று சொன்னேன். கப்பலுக்குப் போய்ப் பார்த்தபோது அது ஆடவே இல்லை. ஜீனத் கையில் கொடு என்றான்.

மெட்ராஸில் இறங்கிக் கூண்டோடு தண்டையார்பேட்டைக்குத்தான் ரிக்‌ஷா பேசினேன். அந்தத் தெரு முனை வரை போனேன். அந்தப் பிள்ளை வாசலில் நின்றாள். ரிக்‌ஷாக்காரனைத் திருப்பச் சொல்லிவிட்டேன். கேரம் ஆடப் போனேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? என்னால் முடியாது. நீ போய்ச் சொல்லிவிடு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வெள்ளத்துரை


ராயபுரம்,
18-3-1953

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "அவன் நல்லா சாப்பிடுறானான்னு கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன்.

நான் சொல்ல மாட்டேன். எனக்கும் முடியாது, காரணத்தையும் எழுதுகிறேன். அந்த ஒரு மணி நேரம் நீ கீழே இருந்திருந்தால் என்று யோசித்தேன். யோசித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தை என் வீட்டுக் கல் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, என் தம்பி பிழைத்தான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நான் ரஹீமுன்னிசாவிடம் போய் நியாயம் பேச வேண்டுமா? உன் வேலையை இன்னொருவர் செய்தது ஒரு தடவை போதும்.

உன் கடிதத்தை இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்கா என்று இருக்கிற இடத்தில் அவள் பெயரைப் போட்டு எழுதி அனுப்பு. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா
தேவகிருபை


தண்டையார்பேட்டை,
14-4-1953

அண்ணன் வெள்ளத்துரைக்கு ரஹீமுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உதவியால் நானும் ஜீனத்தும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். என் கையெழுத்துத்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் தடவை படித்ததும் மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டேன். உங்கள் மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. போகும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் யார் கேட்டாலும் இறங்கியிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று புரியாமல் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன்.

பிராணி நலம். வெயில் தாங்காது என்று உங்கள் அத்தான் மாதக் கடைசியில் கூண்டோடு குன்னூருக்கு ரயில் ஏறுகிறார். அங்கே அவருடைய தங்கை டீச்சராக இருக்கிறார்களாம். ஜீனத் அழுதாள். பரீட்சை முடிந்ததும் அவளையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறாராம், உங்கள் அக்கா வேண்டாம் என்று சண்டை போடுகிறார்கள்.

நான் எழுத வந்தது வேறு. உங்கள் கடிதம் ஆறு பக்கம். நேற்று எடுத்து மறுபடி படித்தேன். அதில் ஐந்து பக்கம் உங்களைப் பற்றி. நீங்கள் விளையாடியது, நீங்கள் அழுதது, ரிக்‌ஷாவைத் திருப்பியது, தூக்கம் வராதது. அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை.

கம்பெனிக் காகிதத்தில் இறந்தார் என்று மட்டும் இருந்தது. அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். இரண்டு நாள் இருந்தார், பேசினார் என்று உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. பலகையைப் பற்றித்தான் பேசினான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களுக்கு அது பலகைப் பேச்சு. நான் அந்த இரண்டு நாளும் அங்கே இல்லை.

ஆகவே எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்ணீர் கேட்டாரா, சிரித்தாரா, உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார், வலி என்றாரா. பலகை அகலம் சொன்னாலும் சரி, எத்தனை விரற்கடை என்றார் என்று எழுதுங்கள். வெட்கப்பட்டு எதையும் விட வேண்டாம். உங்களைப் பற்றி இனி எழுத வேண்டாம், அது எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் நாள் கண் விழித்து முதலில் என்ன சொன்னார், அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ரஹீமுன்னிசா